சுவரில் முளைத்த இச்சி

சாந்தோம்,
2 நவம்பர் 1936

கிளாடிஸுக்கு,

இன்று 1936ஆம் ஆண்டு நவம்பர் இரண்டாம் நாள். எனக்கு அறுபத்து மூன்று வயதும் நான்கு மாதங்களும் நிறைந்திருக்கின்றன. வயதைச் சொல்வதற்குக் காரணம், உன் கடிதம் ‘மதிப்பிற்குரிய அம்மாள் அவர்களுக்கு’ என்று தொடங்குவதுதான். என் தம்பி காஸ்பரை மணந்த நாளிலிருந்து என்னை ‘அக்கா’ என்று அழைத்தவள் நீ. கடந்த ஆகஸ்டில் உன் மகன் ஹென்றி கைவண்டியோடு வந்து என் கூடத்திலிருந்த இச்சிச் செடியை ஏற்றிக்கொண்டு போனபோது, உறவு முறையும் அதே வண்டியில் ஏறிப் போய்விட்டது போலும்.

உன் கடிதத்தில் ஒரு குற்றச்சாட்டும் ஒரு கேள்வியும் இருக்கின்றன. குற்றச்சாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். செடியை அனுப்புவதற்கு முன் நான் அதன் வேரில் வெந்நீர் ஊற்றவில்லை, உப்புக் கரைத்து விடவில்லை, சபிக்கவும் இல்லை. சாபத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தால் அதை ஒரு செடியின்மேல் வீணாக்கியிருக்க மாட்டேன்.

இனி உன் கேள்வி. இலைகள் ஏன் கொட்டுகின்றன? இச்சி ஆலமரத்தின் இனம். பறவை எச்சத்தில் விழுந்த விதை, சுவரின் வெடிப்பில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு உயிர் வாழும். வெயிலையும் வறட்சியையும் தாங்கும். இடம் மாற்றுவதை மட்டும் தாங்காது. ஒரு சன்னலின் வெளிச்சத்துக்காக வளர்த்த இலைகளை இன்னொரு சன்னலின் முன் வைத்தால், அவற்றை உதிர்த்துவிட்டுப் புதிய வெளிச்சத்துக்கென்று வேறு இலைகளை விடும். அதுவரை பொறுத்திருப்பதுதான் வைத்தியம். பெரும்பாலோர் பொறுப்பதில்லை, அன்பு செலுத்திக் கொன்றுவிடுகிறார்கள்.

எனவே சில விவரங்கள் தேவை. உதிர்ந்த இலைகள் பச்சையா, மஞ்சளா? செடி எங்கே இருக்கிறது? எத்தனை முறை நகர்த்தினாய்? தண்ணீர் ஊற்றுவது யார்? பதில் எழுதுமுன் ஒன்று செய். நகத்தால் தண்டை இலேசாகக் கீறிப் பார். அடியில் பச்சை தெரிந்து, பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், அடுப்புக்கு ஆகும்.

இன்று கல்லறைத் திருநாள் அல்லவா? காலையில் போயிருந்தேன். காஸ்பரின் கல்லறைமேல் உன் செவ்வந்தி மாலையும் இரண்டு மெழுகுவர்த்திகளும் இருந்தன. என்னைப் பார்க்க நேரக்கூடாது என்று முதல் பூசைக்கு முன்பே வந்து போயிருக்கிறாய். காற்றில் ஒரு திரி அணைந்திருந்தது. ஏற்றிவிட்டு வந்தேன்.

அல்போன்சா


அடையாறு,
8 நவம்பர் 1936

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டேன். இனி அதைப் பற்றி நீங்கள் அரைப் பக்கம் எழுத வேண்டியதில்லை.

கீறிப் பார்த்தேன். பச்சை இருக்கிறது. பாலும் வந்தது, விரலில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையல்காரி பாஞ்சாலி பக்கத்தில் நின்று, “இன்னாம்மா, செடிக்குப் பால் சொரந்தா நீ அழுவுற? பசுமாட்டுக்குக் கூட இம்மாம் சீர் கெடயாது!” என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? அவர் கை பட்டு வளர்ந்ததில் உயிரோடு எனக்கு மிஞ்சியிருப்பது ஹென்றியும் அந்தச் செடியும்தான். ஹென்றிக்கு அம்மாவோடு பேச நேரமில்லை. செடியாவது நிற்கிறது.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். முதலில் பச்சை இலைகளாகக் கொட்டின. கூடத்தில் வைத்திருந்தேன். இருட்டாக இருக்கிறதோ என்று என் அறைக்கு மாற்றினேன். அங்கும் கொட்டியது. பின்கட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டு போனேன். மழை பிடித்ததும் மறுபடி கூடத்துக்கு. அதன் பிறகு மஞ்சளாகக் கொட்டத் தொடங்கியது. வெறும் மண்தொட்டியாக வைத்தால் பார்க்க நன்றாகவா இருக்கிறது? என் அம்மா வீட்டிலிருந்து எனக்குச் சீராக வந்த பித்தளை அண்டாவுக்குள் தொட்டியை இறக்கி வைத்திருக்கிறேன். வாரந்தோறும் புளி போட்டுத் துலக்குகிறேன். உங்கள் வீட்டில் அதற்கு ஒருநாளும் கிடைக்காத மரியாதை. தண்ணீர் நான்தான் ஊற்றுகிறேன், காலையும் மாலையும். பாஞ்சாலி மீன் கழுவிய தண்ணீரை உரமென்று ஊற்றுகிறாள். ஹென்றியின் கம்பெனி துரை தேநீருக்கு வந்த அன்று இலைகள் மங்கலாக இருந்தன. ஒவ்வோர் இலையையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துரை பார்த்துவிட்டு மெழுகில் செய்ததா என்று கேட்டாராம்.

இதில் எது தவறு என்று சொல்லுங்கள். ஆனால் நான் தவறு செய்தேன் என்று சந்தோஷப்படாதீர்கள். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயின் கதை எனக்கும் தெரியும்.

அக்கா, நான் அந்தச் செடியை ஏன் கேட்டு வாங்கினேன் என்று ஹென்றியிடம் நீங்கள் கேட்டீர்களாம். நானே சொல்கிறேன். கட்டடம் கட்டும் மேஸ்திரிகளோடு பகலெல்லாம் கத்திவிட்டு வரும் என் கணவர், வீட்டுக்கு வருமுன் தினமும் உங்கள் வீட்டுக்குப் போவார். எங்கிருந்தோ சுவரில் பிடுங்கிய ஒரு கன்றை உங்கள் கூடத்தில் வைத்துக்கொண்டு, அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். ஏன், என் வீட்டில் கூடம் இல்லையா? கேட்டால், “அங்கே வெளிச்சம் நல்லா இருக்கு, கிளாடி” என்பார். இருபத்து நான்கு வருஷம் அந்த வெளிச்சம் உங்கள் வீட்டில்தான் இருந்தது. எனக்கு ஆறிப்போன சோறும் ஆறிப்போன மனுஷனும்தான் வந்து சேர்ந்தார்கள். அவர் போய் இரண்டு வருஷம் ஆன பிறகாவது அந்தச் செடி என் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அது பேராசையா?

என்னுடையது எல்லாம் உங்கள் கை வழியாகத்தான் எனக்கு வந்திருக்கிறது. என் முதல் குழந்தைக்குப் பெயர் வைத்தவரும் நீங்கள்தானே! நான் ஜன்னியில் நினைவில்லாமல் கிடந்தபோது, பெற்றவளைக் கேட்காமல், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி, உங்கள் அம்மாவின் பெயரையே வைத்தீர்கள். சவேரியம்மாள்! என் அம்மாவுக்குப் பெயர் இல்லையா? எனக்கென்று ஒரு பெயர் மனதில் இருந்திருக்காதா? ஒரு மணி நேரம் உயிரோடிருந்த குழந்தைக்கு நான் கொடுத்திருக்கக்கூடியது அது ஒன்றுதான்.

பதில் போடுங்கள். செடியைப் பற்றி மட்டும்.

கிளாடிஸ்


சாந்தோம்,
11 நவம்பர் 1936

கிளாடிஸுக்கு,

செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீ விதித்த நிபந்தனை எனக்கும் வசதியாக இருக்கிறது.

பச்சையாக உதிர்ந்த இலைகள் பயணத்தால் உதிர்ந்தவை. அதோடு நின்றிருக்கும். மஞ்சளாக உதிர்ந்தவை உன் உபசாரத்தால் உதிர்ந்தவை. அண்டாவுக்கு அடியில் துளை கிடையாது. நீ ஊற்றிய தண்ணீர் முழுவதும் அங்கேயே தேங்கி, மூன்று மாதமாக வேர்கள் அதில் ஊறிக்கொண்டிருக்கின்றன. வெளியே புளி போட்டுத் துலக்கிய சீர்ப்பாத்திரம், உள்ளே சாக்கடை. நம் குடும்பத்தின் பல ஏற்பாடுகளுக்கு இந்த வர்ணனை பொருந்தும், விட்டுவிடுகிறேன்.

செய்ய வேண்டியவை. தொட்டியை அண்டாவிலிருந்து எடு. செடியைச் சாய்த்து, மண்ணோடு மெதுவாக வெளியே உருவு. கறுத்து, கூழாக, நாற்றமடிக்கும் வேர்களைச் சுத்தமான கத்தியால் நறுக்கிவிடு. வெள்ளையாகவும் விறைப்பாகவும் இருப்பவற்றைத் தொடாதே. வெட்டிய இடங்களில் அடுப்புக் கரியைப் பொடித்துத் தூவு. செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய சருகும் கலந்து, அதே தொட்டியில் திரும்ப நடு. பெரிய தொட்டிக்கு ஆசைப்படாதே. பாதி வேரை இழந்ததற்குப் பெரிய வீடு எதற்கு? உலர்ந்த சுள்ளிகளைப் பால் கசியும் இடம்வரை கழித்துவிடு.

இலைகளின்மேல் எண்ணெய் பூசியிருக்கிறாய். இலை மூச்சு விடும் வாசலை அடைத்திருக்கிறாய் என்று பொருள். மிச்சமிருக்கும் இலைகளைப் பூந்திக்கொட்டை நீரில் துணி நனைத்துத் துடை. பிறகு கிழக்குச் சன்னல் ஓரமாக ஓர் இடம் பார்த்து வை. வைத்தது வைத்ததுதான். நகர்த்தாதே, திருப்பாதே, தூசி தட்டுவதற்கென்றும் தொடாதே. மண்ணில் விரலை விட்டுப் பார். இரண்டாம் கணு வரை உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மீன் கழுவிய நீரைப் பூனைக்கு வை. எந்த உரமும் வேண்டாம். நோயாளிக்குப் பிரியாணி போடுவதில்லை.

இன்னும் இலை கொட்டும். பயப்படாதே.

பெயரைப் பற்றி நீ எழுதியதற்கு

பெயரைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மேலே ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். அடித்துத் திருத்திய தாளை நான் மாணவிகளிடமும் ஏற்றதில்லை. என்றாலும் வேறு தாள் எடுக்கும் பொறுமை இப்போது இல்லை.

அல்போன்சா


அடையாறு,
9 டிசம்பர் 1936

அக்கா,

சந்தோஷமா? இப்போது ஓர் இலைகூட இல்லை.

நீங்கள் சொன்னதை எல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்தேன். அண்டாவிலிருந்து தொட்டியைத் தூக்கியபோது வந்த நாற்றத்தில் ஹென்றி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பாதி வேர் கறுப்பு. வெட்டினேன். கரித்தூள் போட்டேன். செம்மண்ணுக்குப் பரங்கிமலைப் பக்கம் ஆள் அனுப்பினேன். ஒவ்வோர் இலையாகக் கழுவினேன், குழந்தைக்கு முகம் கழுவுவது போல. கழுவிய இலைகள் அதே வாரத்தில் என் கையிலேயே கழன்று வந்தன. மழைக்கால ஈரத்தில் மண் உலரவே இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றீர்கள், ஊற்றவில்லை. கடைசி இலை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் விழுந்துவிட்டது. இப்போது கூடத்தில் நிற்பது செடியல்ல, விளக்குமாறு.

ஹென்றி, “அம்மா, அதைக் கொஞ்சம் விட்டுடுங்களேன். கூடத்துல எலும்புக்கூடு நிக்கிற மாதிரி இருக்கு, வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க” என்கிறான். தேனாம்பேட்டையில் செடித் தோட்டம் வைத்திருக்கும் குலாம் முகம்மதுவை அழைத்து வந்து காட்டினான். அவர் நல்ல மனிதர், தாடியைத் தடவிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தார். “பெரியம்மா, இதுக்கு ரூஹ் போயாச்சு. நா எடுத்துக்கினு போறேன். பதிலுக்கு ரெண்டு தொட்டி குரோட்டன்ஸ் தரேன், கலர் கலரா. ஒண்ணுகூடக் கொட்டாது” என்றார். சனிக்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்று போயிருக்கிறார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், இல்லை, கோபித்துக்கொண்டாலும் சரி. வேரை வெட்டச் சொன்னதும், பட்டினி போடச் சொன்னதும், அது பிழைக்க வேண்டும் என்றா? இல்லை, உங்கள் வீட்டில் இல்லாதது என் வீட்டிலும் இருக்க வேண்டாம் என்றா? பி.ஏ. படித்தவர் எதையும் முறையாகத்தான் செய்வார்.

கிளாடிஸ்


சாந்தோம்,
10 டிசம்பர் 1936

கிளாடிஸ்,

தபாலை நம்பாமல் இதை ஆள்வசம் அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டதாக அவனிடமே ஒரு சொல் சொல்லி அனுப்பு.

குலாம் முகம்மதுவுக்குச் செடியைக் கொடுக்காதே. ஹென்றி சொன்னாலும் கொடுக்காதே. வண்டி வந்துவிட்டால் வாசற்கதவைச் சாத்திக்கொள். இதை நான் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

தண்டைக் கீறிப் பார்த்தாயா? உன் கடிதம் முழுவதிலும் அது மட்டும் இல்லை. இலை இல்லாதது மரணம் அன்று. இலையைக் காப்பாற்ற முடியாதபோது இச்சி தண்டைக் காப்பாற்றிக்கொள்ளும். என் பள்ளியில் தாவரவியல் கற்பித்த காலத்தில் ஒவ்வோராண்டும் மாணவிகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் நம்பியதில்லை.

என் நோக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது நியாயமான கேள்வி. என்னை உனக்குப் பிடிக்காது. எனக்கும் உன்மேல் அளவுகடந்த பற்று இருந்ததில்லை. சிரித்துப் பேசி மறைக்கும் வயதை நாம் இருவரும் கடந்துவிட்டோம். ஆனால் அந்தச் செடி சாக வேண்டும் என்று நான் விரும்பியிருந்தால் எளிய வழி இருந்தது: உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதாமலே இருந்திருப்பேன். நீயே முடித்திருப்பாய்.

என் கூடத்துச் செங்கல் தரையில் தொட்டி நின்ற இடத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை. அதன்மேல் நாற்காலியைப் போட்டு உட்காரலாமென்று நினைத்தேன். உட்காரவில்லை. நோக்கத்துக்கு இதைவிடச் சான்று என்னிடம் கிடையாது.

இனிச் செய்ய வேண்டியது உனக்கு மிகக் கடினமானது: ஒன்றும் செய்யாதே. சன்னலருகே விட்டுவிடு. முன்போலவே இரண்டாம் கணு வரை மண் உலர்ந்தால் ஒரு குவளைத் தண்ணீர். வேறொன்றும் வேண்டாம். தை வெயில் வரட்டும்.

அல்போன்சா


அடையாறு,
8 பிப்ரவரி 1937

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது! தேவமாதாவுக்கு ஸ்தோத்திரம், வந்துவிட்டது!

பொங்கல் கழித்து ஒரு காலையில் செபமாலை சொல்லிக்கொண்டே சன்னல் பக்கம் போனேன். கிளை நுனியில் ஊசி மாதிரி ஒரு குருத்து, மேலே செம்மண் நிறத்தில் ஓர் உறை. எறும்போ என்று ஊதிப் பார்த்தேன். அது எறும்பில்லை. மறுநாள் உறை கழன்று கீழே கிடந்தது. உள்ளே சுருட்டி வைத்த இலை, நகத்தளவு, அவ்வளவு பளபளப்பு, நான் எண்ணெய் தொடவே இல்லை! இப்போது எல்லாக் கிளைகளிலும் வந்துவிட்டன. பாஞ்சாலி வாசலில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, “எங்கம்மா செத்ததை எழுப்பிக்கீது, வந்து பாரு” என்று காட்டுகிறாள். ஹென்றிகூட ஆபீஸ் போகுமுன் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். குலாம் முகம்மது திரும்ப வந்து பார்த்து, “மன்னிச்சுக்கோங்க பெரியம்மா, நா வியாபாரிதானே, உசுரு குடுக்கிற நாயனில்லையே” என்றார். அன்று கதவைச் சாத்தியது நல்லது. உங்கள் கடிதம் வராமலிருந்தால் கொடுத்திருப்பேன். அதை ஒப்புக்கொள்கிறேன். உங்களைச் சந்தேகப்பட்டதையும்.

இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அதற்கு உங்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இது வீட்டுக்குள் இருக்க வேண்டிய செடியில்லை. நாளைக்கு ஹென்றிக்குக் கலியாணம் ஆகும், வருகிறவளுக்கு இது வெறும் குப்பை. ஆகையால் இதைக் குடும்பக் கல்லறையில், கல்லுக்குத் தலைமாட்டில் நடப்போகிறேன். வரும் பதினேழாம் தேதி. அது என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு இருபத்தேழு வயதாகியிருக்கும். சாமியாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், குழி தோண்டுகிறவனிடமும் சொல்லியாகிவிட்டது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள், நடுவில் அவர் வளர்த்த செடி.

இன்னொன்று. அந்தக் கல்லில் உங்கள் அம்மாவின் பெயரும் அவர் பெயரும் இருக்கின்றன, குழந்தையின் பெயர் இல்லை. வருஷா வருஷம் கேட்பேன், “அடுத்த வருஷம் வெட்டிடலாம் கிளாடி” என்பார். அடுத்த வருஷமும் அதையே சொல்வார். போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கல்வெட்டுகிறவனுக்குச் சொல்லிவிட்டேன். சவேரியம்மாள் என்றே வெட்டச் சொன்னேன். இத்தனை வருஷம் அந்தப் பெயரை வெறுத்தேன், அக்கா. இப்போது அவளுக்கு இருப்பது அது ஒன்றுதானே என்று தோன்றுகிறது. நீங்கள் அன்று தண்ணீர் ஊற்றாவிட்டால் அவள் கல்லறைத் தோட்டத்துக்குள், மந்திரித்த மண்ணில் கிடந்திருக்க மாட்டாள். அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னதே இல்லை. சொல்கிறேன்.

பதினேழாம் தேதி வாருங்கள். முதல் கைமண் நீங்கள் போட வேண்டும்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்பேன். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்விடுவார். நீங்களாவது சொல்லுங்கள். நீங்கள்தானே கையில் வைத்திருந்தீர்கள். தண்ணீர் தலையில் பட்டபோது அழுதாளா?

உங்கள் தம்பி மனைவி,
கிளாடிஸ்


சாந்தோம்,
10 பிப்ரவரி 1937

கிளாடிஸ்,

இதைத் தனியாக இருக்கும்போது படி. ஹென்றியைப் படித்துக்காட்டச் சொல்லாதே.

செடியைக் கல்லறையில் நடாதே. முதற்காரணம், அது எந்தக் கல்லையும் பத்தாண்டில் பிளந்துவிடும். காஸ்பருக்கு அது நன்றாகத் தெரிந்ததால்தான் தொட்டியில் அடைத்து வைத்திருந்தான். அந்த ஒரு காரணத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாமென்று இரண்டு தாள்கள் எழுதிக் கிழித்தேன். ஆனால் நீ கல்வெட்டுகிறவனுக்குச் சொல்லிவிட்டாய். மேலும் நன்றி என்று ஒன்று எழுதியிருக்கிறாய். உன் ஏச்சை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு உரிமையில்லாத நன்றியை ஒருநாளும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கல்லறையில் உன் குழந்தை இல்லை.

1910 பிப்ரவரி பதினேழாம் நாள் அவள் பிறந்தபோது உயிர் இல்லை. ஒரு மணி நேரம் இருந்தாள் என்பது காஸ்பர் உனக்காகக் கட்டிய கதை. மருத்துவச்சி முதுகில் தட்டினாள், தலைகீழாகப் பிடித்தாள், வாயில் ஊதினாள். நான் கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தேன். மூச்சு வந்தால் ஊற்றிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இறந்த உடலுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. அது இல்லாத குழந்தைக்கு மந்திரித்த மண்ணும் கிடையாது. சட்டம் நமக்குத் தெரியும். சாமியாரைக் கேட்டு அவரையும் சங்கடப்படுத்தவில்லை. கல்லறைத் தோட்டத்தின் பின்சுவருக்கு வெளியே, சுவரை ஒட்டினாற்போல், காஸ்பரும் நானும் புதைத்தோம். அவனே தோண்டினான். வேட்டியில் சுற்றி அவளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். உள்ளே இருக்கும் எங்கள் அம்மாவின் கல்லறைக்கும் அவளுக்கும் இடையே ஒரு சுவரின் கனம்தான்.

நீ ஜன்னியில் இருந்தாய். “அவள் பிழைக்கட்டும் அக்கா, பிறகு நானே சொல்கிறேன்” என்றான். நான் வாக்குக் கொடுத்தேன். நீ கண்விழித்ததும் முதலில் கேட்டது, பெயர் வைத்தாயிற்றா என்பது. அவன் வாயில் வந்த பெயரைச் சொன்னான். யார் வைத்தது என்று கேட்டாய். கதவருகே நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் காட்டினான். ஊரில் எந்தக் கட்டடத்திலும் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் ஓவர்சியர், தன் வீட்டில் தானே விட்ட வெடிப்பைப் பூசவே இல்லை. கல்லில் பெயர் வெட்ட அவன் ஏன் ஒவ்வோராண்டும் தள்ளிப்போட்டான் என்று இப்போது உனக்குத் தெரியும். பொய்யைச் சொல்லத் துணிந்தவனுக்கு அதைக் கல்லில் வெட்டத் துணிவு வரவில்லை.

அந்த ஆண்டு மழைக்குப் பிறகு பின்சுவரைப் பழுது பார்க்கும் வேலை அவனிடமே வந்தது. அவள் கிடந்த இடத்துக்கு நேர்மேலே, சுவரின் வெடிப்பில், ஓர் இச்சிக் கன்று முளைத்திருந்தது. கொத்தனார்கள் பிடுங்கி எறியப் போனார்கள். வேரில் ஒட்டிய காரையோடு தன் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நின்றான். உன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஏது என்று கேட்பாய். அவனால் உனக்கு இரண்டாவது பொய் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான் என் வீட்டு வெளிச்சத்தின் இரகசியம். தினமும் வந்தான் என்று என்மேல் பொறாமைப்பட்டாய். வந்தவன் தண்ணீர் ஊற்றுவான், தொட்டிக்கு எதிரே உட்காருவான், போய்விடுவான். அத்தனை ஆண்டுகளில் என்னோடு அவன் பேசியதை இந்தத் தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். என்னைப் பார்க்க வருகிறான் என்று நீ நம்பியதை நான் மறுக்கவில்லை. யாரோ ஒருவராவது அப்படி நம்பினார்களே என்றிருந்தது.

அவன் இறந்த அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததைக் கருணை என்று எண்ணிவிடாதே. பாதிக் காரணம் அவனுக்கு நான் கொடுத்த வாக்கு. மறுபாதி, தெரிந்தால் நீ செடியைக் கொண்டுபோய்விடுவாய் என்பது. தெரியாமலே கொண்டுபோனாய்.

அந்தச் சுவர் இப்போது இல்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது இடித்து, உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அவள் இருந்த இடத்தின்மேல் வண்டிகள் போகின்றன. ஆகவே நீ வேரை வெட்டி, கழுவி, காத்திருந்து பிழைக்கவைத்தது என்ன என்று அறிந்துகொள். அவளுக்கு வேறு அடையாளம் எங்கும் கிடையாது. தொட்டியிலேயே இருக்கட்டும். இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தாதே. அதைப் பார்க்க நான் உன் வீட்டுக்கு வரப்போவதில்லை; நீயும் அழைக்கும் நிலையில் இருக்க மாட்டாய்.

கல்வெட்டுகிறவனை நிறுத்து. நீ கேட்ட கேள்விக்கு விடை இது: அவள் அழவில்லை. தண்ணீர் அவள்மேல் படவே இல்லை. குவளை நிறைய அப்படியே இருந்தது. சவேரியம்மாள் என்று நான் அவளை ஒருமுறைகூட அழைத்ததில்லை. உன் குழந்தைக்கு இந்த இருபத்தேழு ஆண்டுகளில் யாரும் பெயர் வைக்கவில்லை, கிளாடிஸ். நீ மனதில் வைத்திருந்த பெயர் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாமலே இருக்கிறது.

அல்போன்சா